விளையாட்டு ஆவணத்தின் முகம்

நுழையும்முன்

திறன்பேசியில் விரலால் தொட்டு ஆடும் விளையாட்டு, திரைக்கு வருமுன் தாளில் எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதப்படும் வடிவமைப்பு ஆவணத்தில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதைப் பலரும் சொல்லித் தருகின்றனர். அது கண்ணுக்கு எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஆடுபுலி ஆட்டத்தைக் கணினி விளையாட்டாக்க முனைந்த மாணவர் குழு ஒன்றின் பட்டறிவு வழியே அதனை இப்பாடம் விளக்குகிறது.

கோலக் குறிப்பேடு

மார்கழி மாதத்திற்கெனப் பல வீடுகளில் கோலக் குறிப்பேடு ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் நடுவே கோலம் பெரிதாக வரையப்பட்டிருக்கும். அதன் கீழே, ‘இடைப்புள்ளி, 15 முதல் 8 வரை’ என்று ஒரே ஒரு வரி காணப்படும். நடுவரிசையில் 15 புள்ளிகள். அதற்கு மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8 புள்ளிகளில் முடிய வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையே அமைய வேண்டும் என்பது அதன் பொருள். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள். அத்தனை புள்ளிகளின் இடத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறது. கோடு எப்புள்ளியைச் சுற்றி எப்பக்கம் வளைகிறது என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. வரைந்தவர் ஊரில் இல்லாதபோதும், அடுத்த தெருவைச் சேர்ந்த பெண் அக்குறிப்பேட்டை வாங்கிச் சென்று மறுநாள் விடியலில் அதே கோலத்தைத் தம் வாசலில் இடுகிறார்.

விளையாட்டு வடிவமைப்பு ஆவணத்தின் பணியும் இதுதான். எழுதியவர் அருகில் இல்லாதபோது, படிப்பவர் அதே விளையாட்டை உருவாக்க வேண்டும். கோலக் குறிப்பேட்டை எழுதியவர் பக்க வடிவமைப்பைப் பயின்றவர் அல்லர். எனினும் எதனைப் படமாகக் காட்ட வேண்டும், எதனை எண்ணாகச் சொல்ல வேண்டும், எதனைச் சொல்லாமல் விடலாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

யார் படிக்கிறார்கள்?

ஒரு விளையாட்டைச் சிறு குழு ஒன்று உருவாக்குவதாகக் கொள்வோம். நிரல் எழுதுபவர் ஒருவர். படம் வரைபவர் ஒருவர். ஒலி சேர்ப்பவர் ஒருவர். ஆடிப் பார்த்துப் பிழை காண்பவர் ஒருவர். இந்நால்வரும் ஆவணத்தை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கதைப்புத்தகம்போலப் படிப்பதில்லை. பேருந்து நிலையத்தில் காலஅட்டவணைப் பலகையின்முன் நிற்பவரைப்போல, தமக்கு வேண்டிய ஒன்றைத் தேடி வருகின்றனர். நிரலாளருக்கு எண் வேண்டும். ஓவியருக்கு அளவும் வண்ணமும் வேண்டும். ஒலி சேர்ப்பவருக்கு எந்நிகழ்வின்போது எவ்வொலி எழ வேண்டும் என்னும் பட்டியல் வேண்டும். தேடியது அரை நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அவர்கள் ஆவணத்தை மூடிவைத்துவிட்டுத் தம் ஊகத்தின்படி வேலை செய்யத் தொடங்குவர். ஒரே விளையாட்டு நான்கு விளையாட்டுகளாகப் பிரிவது அக்கணத்தில்தான்.

ஆவணத்தின் தோற்றம் என்று நாம் இங்குக் குறிப்பிடுவது அலங்காரத்தை அன்று. தேடி வருபவரின் கண்ணை, அவர் தேடும் இடத்திற்கு அழைத்துச் செல்லும் வழியமைப்பையே அச்சொல் குறிக்கிறது.

நாற்பது பக்கமும் மூன்று விடைகளும்

சில ஆண்டுகளுக்கு முன், மேனிலை வகுப்பு மாணவர் மூவர் தம் விளையாட்டு ஆவணத்தை என்னிடம் கொண்டுவந்தனர். ஆடுபுலி ஆட்டத்தைத் திறன்பேசிக்கு ஏற்ப மாற்றுவது அவர்களுடைய நோக்கம். ஆவணம் நாற்பது பக்கம். அட்டையில் உறுமும் புலி. தீப்பற்றி எரிவதுபோன்ற எழுத்துகளில் தலைப்பு. உள்ளே ஒவ்வொரு பக்கத்தின் பின்னணியிலும் அடர்காட்டின் ஒளிப்படம். அதன்மேல் நிழலுடன் கூடிய மஞ்சள் எழுத்துகள். பல இரவுகள் உழைத்திருந்தனர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

“எத்தனை ஆடுகளை வெட்டினால் புலி வென்றதாகும்?” என்று கேட்டேன்.

“ஐந்து, ஐயா” என்றார் ஒருவர். “ஆறு” என்றார் மற்றவர். மூன்றாமவர் சற்றுத் தயங்கி, “எல்லா ஆடுகளையும் வெட்ட வேண்டும் என்றல்லவா நினைத்தேன்!” என்றார்.

ஆவணத்தைப் புரட்டினோம். பன்னிரண்டாம் பக்கத்தில் ‘ஐந்து’ என்று எழுதப்பட்டிருந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் ‘ஆறு’ என்று இருந்தது. இரண்டுமே காட்டின் இலைகளுக்கிடையே மஞ்சள் எழுத்தில் மறைந்துகிடந்தன. நிரல் எழுதியவர் ஆறு என்று கொண்டு, கணினி ஆடும் புலியின் போக்கு முழுவதையும் அதற்கேற்ப அமைத்துவிட்டிருந்தார். இரண்டு வார வேலையை அவர் மீண்டும் செய்ய நேர்ந்தது. அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆடுபுலி ஆட்டத்தின் விதிகள் ஊருக்கு ஊர் சற்றே மாறுபடும். அதனால் மூவரும் மூன்று விதமாக எண்ணியதில் வியப்பில்லை. முடிவு செய்யப்படாத ஒன்று, முடிவு செய்யப்பட்டதுபோன்ற தோற்றத்துடன் நாற்பது பக்கங்களுக்குள் ஒளிந்துகொண்டதே சிக்கல். வெறுந்தாளில் பென்சிலால் எழுதியிருந்தால் அம்முரண் முதல் நாளிலேயே கண்ணில் பட்டிருக்கும். பகட்டான தோற்றம் எழுதியவரையே ஏமாற்றிவிடுகிறது.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூல் வகுத்திருப்பதை இலக்கணப் பகுதியில் பயில்கிறீர்கள். அவற்றுள் கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய மூன்றும் அந்த நாற்பது பக்கங்களில் குடியிருந்தன. ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதினால், பின்னர் ஓரிடத்தில் மட்டும் திருத்தும்போது கூறியது கூறல் தானாகவே மாறுகொளக் கூறலாகிவிடும். பவணந்தி முனிவர் கணினி விளையாட்டைக் கண்டிலர். ஆனால், ஆவணம் எழுதுவோரை நன்கு அறிந்திருந்தார்.

ஒரே தாள்

பெரிய ஆவணங்கள் படிக்கப்படுவதில்லை என்பது தொழில்முறை வடிவமைப்பாளர்களும் பட்டறிந்த ஒன்று. ஸ்டோன் லிப்ராண்டி என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் 2010ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ‘ஒரு பக்க வடிவமைப்பு’ பற்றி உரையாற்றினார். அவருடைய வழிமுறை எளியது. விளையாட்டின் ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு, அதனை ஒரே தாளில் அடக்க வேண்டும். நடுவில் பெரியதொரு படம். அதனைச் சுற்றிச் சிறுசிறு குறிப்புகள். மேலே தலைப்பும் தேதியும். நெருக்கடி இல்லாத வெற்றிடம். அத்தாளைச் சுவரில் ஒட்டிவிட்டால் கடந்து செல்பவர் அனைவரும் பார்ப்பர். பார்ப்பவர் கேள்வி கேட்பர். கேள்வி எழும் இடம் திருத்தப்படும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் விளையாட்டு வரலாற்றில் உண்டு. ‘டூம்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டுக்காக டாம் ஹால் என்பவர் 1992இல் கதையும் கதைமாந்தரும் இடங்களும் விரிவாக அமைந்த ஆவணம் ஒன்றை எழுதினார். 1993 டிசம்பரில் வெளிவந்த விளையாட்டில் அதன் பெரும்பகுதி இடம்பெறவில்லை. அதற்குக் காரணம் ஆவணத்தின் தோற்றம் மட்டும் என்று கூறுவது பொருந்தாது. குழுவினரின் நோக்கங்களே வேறுபட்டிருந்தன. ஆயினும், எவ்வளவு விரிவாக எழுதினாலும் அது உருவாகும் பொருளோடு ஒட்டாமல் போகக்கூடும் என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஒரு தாளில் அடக்குவது இடத்தைச் சுருக்கும் உத்தி மட்டும் அன்று. அது சிந்தனைக்குப் பயிற்சியும் ஆகும். இடம் குறையும்போது எது முதன்மையானது என்பதை முடிவு செய்தே ஆக வேண்டும்.

ஆடுபுலிக் களம் ஒரு பக்கமாகிறது

இனி, அந்த மூவரும் தம் ஆவணத்தை எவ்வாறு மாற்றி அமைத்தனர் என்று காண்போம். பழைய ஆவணத்தில் களத்தைப் பற்றிய விளக்கம் ஒன்றரைப் பக்கம் நீண்டிருந்தது. ‘உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்கும், அவற்றைக் கிடைக்கோடுகள் வெட்டும்’ என்று தொடங்கிய அவ்விளக்கத்தைப் படித்து வரைந்தவர்கள் வெவ்வேறு களங்களை வரைந்தனர். கோவில் மண்டபங்களின் கல்தளத்தில் யாரோ செதுக்கிவிட்டுப் போன ஆடுபுலிக் கட்டங்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றின் அருகே விளக்கம் எதுவும் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. கோடுகளே போதுமானவையாக உள்ளன.

புதிய ஆவணத்தில் தாளைக் கிடைமட்டமாக வைத்து, நடுவில் களத்தை வரைந்தனர். உச்சியில் ஒரு புள்ளி. அதன்கீழ் மூன்று கிடைக்கோடுகளில் முறையே 6, 6, 6 புள்ளிகள். அடிக்கோட்டில் 4 புள்ளிகள். ஆக மொத்தம் 23. ஒவ்வொரு புள்ளிக்கும் உச்சியிலிருந்து தொடங்கி எண் கொடுத்தனர். இந்த எண்ணிடுதல் சிறிய செயலாகத் தோன்றலாம். அதன்பின் குழுவினரின் பேச்சே மாறிவிட்டது. ‘அந்த இடப்பக்க மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்தப் புள்ளி’ என்று இழுத்துப் பேசியவர்கள் ‘எட்டாம் புள்ளி’ என்று சொல்லலாயினர். நிரலிலும் அது எட்டு, ஓவியத்திலும் எட்டு, பிழைப் பட்டியலிலும் எட்டு.

களத்தின் வலப்புறம் ஒரு சிறிய அட்டவணை. புலி 3, ஆடு 15, புள்ளி 23, புலி வெல்வதற்கு வெட்ட வேண்டிய ஆடு 5. அட்டவணையை எழுதி முடித்தபோது அவர்களுள் ஒருவர், இதுவரை கவனிக்காத ஒன்றைக் கண்டார். ஆடும் புலியும் சேர்ந்து 18. அனைத்துக் காய்களும் களத்தில் இருந்தால் எஞ்சும் வெற்றுப்புள்ளிகள் ஐந்தே. அப்படியானால், ஓர் ஆடும் வெட்டுப்படாமல் எல்லா ஆடுகளும் இறங்கிவிட்ட நிலையில் புலிக்கு மூச்சுவிட இடம் மிகக் குறைவு. ஆட்டத்தின் பரபரப்பு உச்சம் அடையும் நேரம் அது. இசையின் வேகத்தை அங்கே கூட்ட வேண்டும் என்று முடிவு செய்தனர். இவ்வெண்கள் நாற்பது பக்க ஆவணத்திலும் இருந்தன. ஆனால், அவை ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றதில்லை. அதனால் எவரும் அவற்றைக் கழித்துப் பார்த்ததில்லை.

வெட்டும் முறையைச் சொற்களால் விளக்குவதை விடுத்து, மூன்று சிறு படங்களாகக் காட்டினர். முதற்படத்தில் புலி, அருகே ஆடு, அதற்கு நேர்எதிரே வெற்றுப்புள்ளி. இரண்டாம் படத்தில் தாவலைக் காட்டும் அம்புக்குறி. மூன்றாம் படத்தில் ஆடு நீங்கிய களம். இம்மூன்றும் ஒரே அளவில், ஒரே வரிசையில் அமைந்தன. அளவு மாறினால் படிப்பவர் அதற்கும் பொருள் தேடத் தொடங்கிவிடுவார்.

வரைபடத்தாளும் டிரேசிங் தாளும்

இத்தகைய வழக்கம் புதிதன்று. 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் களங்களை ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் கட்டமிட்ட வரைபடத்தாளில் கையால் வரைந்தனர். அவ்விளையாட்டு ஓடிய கருவியின் திரை 256 படப்புள்ளி அகலமும் 240 படப்புள்ளி உயரமும் கொண்டது. பின்னணிக் காட்சியின் ஒரு கட்டம் 16க்கு 16 படப்புள்ளி. ஆகவே ஒரு திரைக்குக் குறுக்கே 16 கட்டங்கள். தாளின் கட்டங்களை எண்ணினாலே திரையின் கட்டங்களை எண்ணியதாகிவிடும். செங்கல் எங்கே, குழாய் எங்கே, பள்ளம் எத்தனை கட்டம் அகலம் என்பவற்றை நிரலாளர் யாரையும் கேட்காமல் தாளிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

திருத்தம் வேண்டியபோது, மூலத்தாளின்மேல் டிரேசிங் தாளை வைத்து, மாற்ற வேண்டியதை மட்டும் அதில் குறித்தனர். பழையதும் புதியதும் ஒருசேரக் கண்ணில் பட்டன. இன்று கணினியில் ஆவணம் எழுதும் நமக்கு அந்த வசதி எளிதாகக் கிடைப்பதில்லை. திருத்தியவுடன் பழையது மறைந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் மேல்மூலையிலும் தேதியையும் பதிப்பு எண்ணையும் இடுவதும், மாறிய வரியின் அருகே ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு இடுவதும் நல்ல வழக்கங்கள்.

தமிழ் எழுத்தும் தாளும்

ஆவணத்தைத் தமிழில் அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள. ஆங்கில ஆவணங்களுக்கான அறிவுரைகளை அப்படியே பின்பற்றினால் தமிழ்ப் பக்கம் இடர்ப்படும்.

தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் விரிபவை. ‘கீ’ மேலே வளைகிறது. ‘கூ’, ‘ளு’ ஆகியவை கீழே இறங்குகின்றன. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி நிற்கிறது. வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் புள்ளியில் மோதும். எனவே வரியிடைவெளி, எழுத்தின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருத்தல் நலம். பக்கம் கூடிவிடுமே என்று அஞ்சி இடைவெளியைக் குறைக்க வேண்டா, சொற்களைக் குறையுங்கள்.

ஆங்கிலத்தில் தலைப்புகளைப் பெரிய எழுத்துகளில் இட்டு வேறுபடுத்துவர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. அளவாலும் தடிப்பாலும் தலைப்பைச் சூழ்ந்த வெற்றிடத்தாலுமே நாம் தலைப்பை வேறுபடுத்த முடியும். தடித்த எழுத்தை அளவோடு பயன்படுத்த வேண்டும். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்ற சுழியுள்ள எழுத்துகளைச் சிறிய அளவில் மிகத் தடிப்பாக்கினால் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து தனியே வரையப்படவில்லை; கணினி நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. அது காற்றில் சரிந்த வேலிபோலத் தோன்றும். ஓர் ஆவணத்திற்கு இரண்டு எழுத்துருக்களே போதும்: தலைப்புக்கு ஒன்று, உரைக்கு ஒன்று.

பத்திகளைக் குறுகிய நிரல்களாக அமைப்பதும் தமிழுக்குப் பொருந்தாது. வேற்றுமை உருபும் சாரியையும் சேர்ந்து நம் சொற்கள் நீள்கின்றன. ‘விளையாட்டுக்களத்திலிருந்து’ என்னும் ஒரு சொல்லே குறுகிய நிரலின் ஒரு வரியை நிரப்பிவிடும். அடுத்த வரியில் ஒரு சொல் தனித்து நிற்கும்.

தெரிந்து தெளிவோம்

‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி, ககரத்தையும் அதற்குப் பின் வரும் ஒகரக் குறியையும் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பை ககரத்திற்கு முன்னும் துணைக்காலைப் பின்னும் பிரித்து வைக்க வேண்டும். இதனை முறையாகச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். விளையாட்டை உருவாக்கும் மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்டுகிறதா என்பதை முதல் நாளிலேயே ‘கொக்கு’, ‘பௌர்ணமி’, ‘மேகம்’, ‘தையல்’, ‘ஸ்ரீ’ ஆகிய சொற்களைத் தட்டச்சு செய்து சோதித்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான குறியேற்றத் தரமாக 2010இல் ஏற்றது. ஆவணத்தையும் ஒருங்குறி எழுத்துருவிலேயே அமைத்து, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்பாக அனுப்பினால் எந்தக் கணினியிலும் அது சிதையாமல் திறக்கும்.

வண்ணம்

பழைய ஆவணத்தில் புலிக்குச் சிவப்பும் ஆட்டுக்குப் பச்சையும் கொடுத்திருந்தனர். திரையில் அழகாகவே இருந்தது. குழுவினருக்குப் படி வேண்டுமென்று ஒளிநகல் எடுத்தபோது இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. பதினெட்டுக் காய்களில் புலி எது, ஆடு எது என்று தெரியவில்லை. ஒளிநகல் பொறி மட்டும் இவ்வாறு பார்ப்பதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணமைப்பு உடையோர், சிறப்பாக ஆண்களிடையே, நம்முள் உள்ளனர். ஒரு வகுப்பில் ஒருவரேனும் அவ்வாறு இருக்கக்கூடும். அது அவருக்கே தெரியாமலும் இருக்கக்கூடும்.

ஆகவே வண்ணம் சொல்லும் செய்தியை வடிவமும் சொல்ல வேண்டும். புதிய ஆவணத்தில் புலி முக்கோணமாகவும் ஆடு வட்டமாகவும் மாறின. வண்ணம் அதற்குத் துணையாக நின்றது. ஆவணத்தில் செய்த இம்மாற்றம் பிறகு விளையாட்டிற்குள்ளும் சென்றது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டுக்கு அளவு உண்டு. இணையப் பக்கங்களுக்கான பன்னாட்டு அணுகுதன்மை வழிகாட்டுதல்கள், வழக்கமான அளவிலுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தைப் பரிந்துரைக்கின்றன. வெள்ளைத் தாளில் கறுப்பெழுத்து இதனை எளிதில் கடந்துவிடும். காட்டின் ஒளிப்படத்தின்மேல் மஞ்சள் எழுத்து, நிழலான இடத்தில் கடக்கும். வெயில் விழுந்த இலைமேல் தோற்கும். பக்கப் பின்னணியில் ஒளிப்படத்தை வைக்காதிருத்தலே தக்கது. காட்டின் சூழலைக் காட்ட விரும்பினால் அதற்கென ஒரு பக்கத்தை ஒதுக்கி, நான்கைந்து படங்களை அங்கே ஒட்டி, ஓவியர் பார்ப்பதற்காக வைக்கலாம்.

திரையின் உண்மை அளவு

திரைத்தோற்றத்தை ஆவணத்தில் வரையும்போது மாணவர்கள் பெரும்பாலும் தாளின் அளவுக்குப் பெரிதாக வரைந்துவிடுகின்றனர். அதனருகே, திறன்பேசித் திரையின் உண்மை அளவிலும் ஒரு படம் வரைதல் வேண்டும். காரணத்தைக் கணக்கிட்டே காணலாம். விரலால் பிழையின்றித் தொடுவதற்கு ஓர் இலக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆடுபுலிக் களத்தின் ஒரு கிடைக்கோட்டில் 6 புள்ளிகள். எனவே 54 மில்லிமீட்டர் தேவை. திறன்பேசியை நெடுக்காகப் பிடித்தால் பலவற்றின் திரை அகலம் 65 மில்லிமீட்டர் அளவே. களம் பொருந்தும், ஆனால், இருபுறமும் பொத்தான் வைக்க இடமில்லை. இதனை உண்மை அளவில் வரைந்தபோதுதான் மூவரும் உணர்ந்தனர். பொத்தான்களைக் களத்திற்குக் கீழே கொண்டுவந்தனர்.

பொத்தானில் எழுதும் சொல்லிலும் ஒரு சுவையான சிக்கல் எழுந்தது. விளையாட்டைத் தொடங்கும் பொத்தானில் ‘ஆடு’ என்று எழுதியிருந்தனர். குறுகிய சொல், நல்ல ஏவல். ஆனால், ஆடுபவர் தம் அணியைத் தேர்ந்தெடுக்கும் அதே திரையில் ‘ஆடு’, ‘புலி’ என இரு பொத்தான்களும் இருந்தன. வினையும் பெயரும் ஒன்றுபோல் நின்றன. புலியாக ஆட விரும்பித் தொடக்கப் பொத்தானைத் தொட வந்தவர், அது ஆட்டின் அணிக்கு உரியது என எண்ணித் தயங்கினார். ‘தொடங்கு’ என மாற்றிய பிறகே தெளிவு பிறந்தது. வேறு மொழியில் எழுதிப் பின்னர்த் தமிழாக்கலாம் என்று விட்டிருந்தால், இவ்விடர்ப்பாடு விளையாட்டு வெளிவந்த பின்னரே தெரிந்திருக்கும். ஆவணத்தின் திரைப்படங்களில் பொத்தான் சொற்களை முதலிலிருந்தே தமிழில் எழுதுவது இதனால்தான். ‘தொடங்கு’ என்பதா, ‘தொடங்குக’ என்பதா என்பதையும் முடிவு செய்து, எல்லாத் திரையிலும் ஒரே வடிவத்தைக் கையாள வேண்டும்.

அட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளையாட்டின் பெயர், ஒரே ஒரு படம், விளையாட்டை விளக்கும் ஒரு தொடர், குழுவினர் பெயர், தேதி. அதை இறுதியாகச் செய்யுங்கள்.

இரண்டாம் முறை

மூன்று வாரம் கழித்து மூவரும் மீண்டும் வந்தனர். இம்முறை ஆவணம் ஆறு தாள்கள். களம் ஒன்று, ஆட்டவிதிகள் ஒன்று, திரைகளும் அவற்றிடையே செல்லும் அம்புக்குறிகளும் ஒன்று, ஓவியமும் வண்ணமும் ஒன்று, ஒலிப்பட்டியல் ஒன்று, வேலைப்பங்கீடு ஒன்று. வெள்ளைத்தாள், கறுப்பெழுத்து. விரலளவு ஓரம்.

நான் படிக்கவில்லை. வேறு பிரிவில் பயிலும் மாணவி ஒருவரை அழைத்து, அவரிடம் தாள்களைக் கொடுத்தேன். அவர் அவ்விளையாட்டைப் பற்றி முன்பு கேள்விப்பட்டதில்லை. எத்தனை புலி, எத்தனை ஆடு, எத்தனை வெட்டினால் வெற்றி, ஆடுகள் எப்போது நகரத் தொடங்கும் என்று வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் விரல் தாளின் ஓர் இடத்திற்குச் சென்றது, விடை வந்தது. மூவரும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தனர்.

“வெட்டுவதற்கு வாய்ப்பு இருந்தால் புலி கட்டாயம் வெட்டியே ஆக வேண்டுமா? வெட்டாமல் வேறு புள்ளிக்கு நகரலாமா?” என்று அம்மாணவி கேட்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அதனை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஒருவர் பென்சிலை எடுத்தார். விதிகள் அமைந்த தாளில், வெட்டும் முறையைக் காட்டிய மூன்று படங்களுக்கு அருகே ஓரத்தில் இடம் இருந்தது. அங்கே ஒரு வினாக்குறி இட்டு, தேதியை எழுதினார்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் ஆடப்படும் பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் களத்தையும் விதிகளையும் ஒரே தாளில் அமைக்க. அவ்விளையாட்டை அறியாத ஒருவரிடம் அத்தாளை மட்டும் கொடுத்து ஆடச் சொல்லி, அவர் தயங்கிய இடங்களைக் குறித்துவருக.

வீட்டிலோ அண்டைவீட்டிலோ உள்ள கோலக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்து, அதில் படமாகக் காட்டப்பட்டவை எவை, எண்ணாகக் குறிக்கப்பட்டவை எவை, சொல்லாமல் விடப்பட்டவை எவை என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

திறன்பேசியில் நீங்கள் பயன்படுத்தும் தமிழ்ச் செயலி ஒன்றின் பொத்தான் சொற்களைத் தொகுத்து, ஏவல் வடிவங்கள் ஒரே சீராக உள்ளனவா, ஒரே சொல் இருபொருள் தருகிறதா என ஆராய்ந்து எழுதுக.